பதினான்கு குளவிக்கூடுகள்

எங்கள் வீட்டில் ஈயைக் கொல்லலாம், குளவியைத் தொடக்கூடாது. முதல் சட்டம் என் கணவர் போட்டது. இரண்டாவது என் மாமியார் போட்டது. இரண்டு பேருடனும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் நான் இரண்டுக்கும் கட்டுப்பட்டேன். எனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ள அந்த வீட்டில் இடம் மிச்சமில்லை.

என் கணவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஐம்பதுகளின் கடைசியில் உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலாகி வந்தார். காக்கி உடுப்பு, ஒரு சைக்கிள், துரைமார் காலத்துத் தொப்பி ஒன்று. தக்கை மாதிரி லேசாக, மேலே காக்கித் துணி போர்த்தி, குடை மாதிரி விரிந்த தொப்பி. அது இல்லாமல் அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நான் திருச்சியில் கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் ஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய் வருவேன். மாமியார் தொட்டியத்துக்காரர். புருஷன் போன பிறகு ஒரே பிள்ளையோடு வந்து தங்கிவிட்டார். பேச்சு குறைவு. பேசினால் அதோடு விஷயம் முடிந்தது.

வீடு, திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஓட்டு வீடு. கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் ஒரு கொய்யா மரம், நாலு வாழை. வாழைக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகை. மாடு அடுத்த வீட்டுக்காரருடையது. ஈ மட்டும் பொது.

ஈ உட்கார்ந்த பண்டத்தை என் கணவர் பண்டமாகவே மதிக்க மாட்டார். கடைத்தெருவில் திறந்து வைத்த ஜிலேபித் தட்டைக் கண்டால் பினாயிலை ஊற்றிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். மிட்டாய்க் கடைக்காரர்கள் தொப்பியைத் தூரத்தில் பார்த்ததும் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள்; தொப்பி தெருமுனை திரும்பியதும் திறப்பார்கள். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை.

வீட்டிலும் அதே ஆட்சிதான். சாதம், குழம்பு, மோர் எல்லாம் கம்பிவலை போட்ட அலமாரிக்குள் கைதிகளைப் போல இருக்கும். கொய்யாப்பழம் விழுந்தால் அது தரையில் கிடக்கிற நேரத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். பலாப்பழம் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. உப்பிலியபுரத்திலிருந்து அவருடைய பழைய ஆபீஸ் பியூன் ஒருமுறை பச்சமலைப் பலா ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலிலேயே வெட்டி, வாசலிலேயே எல்லோரையும் தின்ன வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, சக்கையைக் குழி தோண்டிப் புதைத்த பிறகுதான் அந்த மனுஷருக்கு உள்ளே வந்து உட்காரக் கிடைத்தது.

ஒரு சித்திரை மாதம், வெல்லத் தண்ணீரில் ஏதோ மருந்தைக் கலந்து தட்டில் ஊற்றிக் கொல்லையில் வைத்தார். ஈக்கள் அதைக் குடித்துச் சாகும் என்று இலாகாவில் சொல்லியிருந்தார்களாம். அடுத்த வீட்டுக் கோழி குடித்துச் செத்தது. ஈ செத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இது ஈயின் கதை. இதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குளவி வந்த பிறகுதான் விஷயம் என் தலையில் வந்து விழுந்தது.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். உத்தரத்தின் மூலையில் ஒரு குளவி. வாயில் ஈர மண்ணை உருட்டிக்கொண்டு வந்து, ரீங்காரம் போட்டபடி அப்பிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பருமனுக்கு ஏற்கனவே கட்டியாகிவிட்டது. நான் ஒட்டடைக் கம்பைத் தூக்கினேன். பின்னாலிருந்து மாமியார் கம்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அதை ஒண்ணும் பண்ணாதேம்மா. அது பாட்டுக்குக் கட்டட்டும்."

"கொட்டிடுச்சுன்னா, அத்தை?"

"கொட்டாது." கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "உனக்கு இந்த மாசம் எப்பம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். அவளுக்கே தெரிவதற்கு முன்னால் குளவிக்குத் தெரிந்துவிடும். கூட்டைக் கலைத்தாலோ, அந்த வீட்டில் கரு தங்காது. இதை என் மாமியார் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் அம்மாவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சயன்ஸ் படித்ததால் தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு அம்மாள், அதாவது செத்துப்போன கோழிக்குச் சொந்தக்காரர், வந்து பார்த்தார். செம்மண்ணில் கட்டினால் ஆண் குழந்தை என்றார் மாமியார். செம்மண் என்றால் பெண், களிமண்தான் ஆண் என்றார் அவர். இருவரும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி அரைமணி நேரம் வாதாடினார்கள். குழந்தை பிறக்கப்போவது எனக்குத்தான் என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

அந்த மாதம் எனக்குப் பத்து நாள் தள்ளிப்போனது. அந்தப் பத்து நாளும் நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவில்லை. காற்றுப் படும் என்று உள்பக்கமாக உட்கார்ந்தேன். பதினோராம் நாள் எட்டாம் வகுப்புக்குத் தவளையின் வாழ்க்கை வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. தவளையை முடித்துவிட்டுத்தான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அழுதேன்.

வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. பின்கட்டில் நான் தனித்தட்டு எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்ததும் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றும்போது உத்தரத்தைப் பார்த்து, "மண்ணு இன்னும் சரியாக் காயல போலிருக்கு" என்றார்.

அது காய்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. அடுத்தடுத்த வருஷங்களில் காலண்டருக்குப் பின்னால் ஒன்று, தையல் மெஷினின் டிராயரில் ஒன்று, கொல்லைக் கதவின் சாவித் துவாரத்தில் ஒன்று. அந்தக் கதவை அதன் பிறகு நாங்கள் பூட்டவே இல்லை. திருடன் வந்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பத்து நாள் தள்ளிப்போகவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டுக்கும் பாலில் குங்குமப்பூ மட்டும் தவறாமல் வந்தது.

ஒருமுறை பொறுக்க முடியாமல் மாமியாருக்கு ஒரு பாடம் நடத்தினேன். குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொட்டி மயங்கவைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறது, கூட்டுக்குள் வைத்து, கூடவே முட்டையிட்டு மூடிவிடுகிறது, முட்டையிலிருந்து வருகிற குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது என்று, கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப உள்ள இருக்கறது புள்ளையா, சோறா?"

"ரெண்டும்தான், அத்தை."

"அதான் பாரேன். புள்ளைக்குச் சோறு வச்சுட்டுத்தான் கதவை மூடுது. எவ்வளவு அக்கறை" என்று சொல்லிவிட்டு மாமியார் அரிசி களையப் போய்விட்டார். என் பாடத்தினால் குளவிக்கு மரியாதை கூடியதுதான் மிச்சம்.

ஊரெல்லாம் பூச்சியை விரட்டுகிற என் கணவர் இதில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"குளவியால நோய் பரவறதா எங்க மேனுவல்ல இல்ல" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய பதில். ஆனால் ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது, அவர் கூடத்தில் தனியாக நின்று, உத்தரத்துக் கூட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஸ்கூலில் ரிசல்ட் ஒட்டிய போர்டைப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் வந்த வழியே திரும்பிப் போய் இன்னும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஒரு பங்குனியில் குளவி அவருடைய தொப்பிக்குள் கட்ட ஆரம்பித்தது. இரண்டு நாள் காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்தார்; தொப்பி ஆணியில் தொங்கியது; குளவிக்கு அந்த இரண்டு நாள் போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் தொப்பியை எடுக்கப் போக, மாமியார் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, தொப்பியை விட்டுடுப்பா."

"அம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது."

"துண்டைப் போட்டுக்கிட்டுப் போ."

துண்டைப் போட்டுக்கொண்டு போனார். தொப்பி இல்லாத இன்ஸ்பெக்டரை மிட்டாய்க் கடைக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரும் கண்ணாடியை மூடவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவர் எழுதிய கேஸ்களைப் போல அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். குளவி கட்டி முடித்துப் பறந்த பிறகு தொப்பியை எடுத்து, கூட்டோடேயே போட்டுக்கொண்டார். அது ஒரு பக்கம் அரை அங்குலம் தூக்கி உட்கார்ந்தது. ஆபீஸில் கேட்டவர்களுக்கு, வியர்வைக்காக உள்ளே துணி வைத்திருக்கிறேன் என்று சொன்னாராம்.

இதற்கு நடுவில் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக டி.டி.டி. மருந்தடிக்கிற ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பம்பு, வாளி, முகத்தில் கட்டிய துணி. மருந்தடித்த வீட்டுச் சுவரில் காவியால் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் வாசலுக்கு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். மருந்து பட்டால் குளவி செத்துப்போகும், கூட்டுக்குள் இருப்பதும் செத்துப்போகும் என்று அந்தத் தெருவிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான்தான்.

மாமியார் வாசற்படியில் நின்றார். மருந்தடிக்கிறவர்களின் மேஸ்திரி என் கணவரைப் பார்த்தார். இலாகாவைச் சேர்ந்த மனுஷர், சொன்னால் புரியும் என்ற எண்ணம். என் கணவர் வீட்டைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான்தான் பேசினேன். "உள்ள மூச்சிரைப்புக்காரங்க இருக்காங்க. மருந்து வாடை ஒத்துக்காது. வேணாங்க."

மாமியார் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருமினார்.

மேஸ்திரி நல்ல மனுஷர். வாதாடவில்லை. இன்ஸ்பெக்டர் வீட்டில் மறுத்தார்கள் என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. திறந்து கிடந்த கதவுக்குப் பக்கத்தில், நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, காவியால் 'பூட்டு' என்று எழுதிவிட்டுப் போனார். அந்தத் தெருவில் பூட்டியிருந்ததாக எழுதப்பட்ட ஒரே வீடு எங்களுடையது. மழை பெய்தும் அது அழியவில்லை.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிப்பேன். எனக்குக் குளவி மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆசை இருந்தது. நம்பிக்கை இல்லாதவர்கள் ஆசைப்படக்கூடாது என்று எந்த சயன்ஸ் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதற்குள் எங்கள் வீடு பிரசித்தமாகிவிட்டது. எத்தனை கூடு என்று பார்க்கவே பெண்கள் வந்தார்கள். மோர் குடித்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். போகும்போது என் வயிற்றைப் பார்த்து, "என்னங்க, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கூடு இருந்தபோது வருஷத்துக்கு இரண்டு முறை கேட்டார்கள். பத்துக் கூடு ஆனதும் வாரம் ஒருமுறை கேட்டார்கள். நான் சனிக்கிழமைகளில் ஸ்கூலிலேயே சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வர ஆரம்பித்தேன்.

கல்யாணமாகி எட்டாவது வருஷம், ஆடிப்பெருக்குக்கு மாமியாரின் அக்கா தொட்டியத்திலிருந்து வந்தார். தொட்டியத்திலேயே காவிரி ஓடுகிறது. ஆனால் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்தில் முழுகினால்தான் அது முழுக்கு என்பது அவருடைய கட்சி. என் கணவருக்கு அவர் பெரியம்மா. நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட்டத்துக்காக என் கணவருக்குப் படித்துறையில் டியூட்டி. பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு அங்கேயே கிடந்தார்.

பெரியம்மா வந்த கையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதின்மூன்று. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற தொப்பிக்குள் ஒன்று இருக்கிறது என்று அடுத்த வீட்டு அம்மாள் சொல்லி, அதையும் சேர்த்துப் பதினான்கு.

பெருக்கன்று மத்தியானம் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் இலையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊரெல்லாம் மாம்பழமும் மஞ்சள் தண்ணீருமாக இருந்ததால் வீடு கொள்ளாமல் ஈ மொய்த்தது. நான் இடது கையால் விசிறியபடி சாப்பிட்டேன். பெரியம்மா தன் தங்கையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் நான் எதிரில்தான் இருந்தேன்.

"நான் என்னமோ வீட்டுலதான் ஏதாச்சும் தோஷமோன்னு இத்தன நாளும் நெனச்சேன். வீட்டுல ஒரு குறையும் இல்ல. பதினாலு தடவ குளவி வந்து சொல்லியிருக்கு. அப்ப குறை எங்க இருக்குன்னு இன்னுமா உனக்குத் தெரியல?"

மாமியார் சாதத்தைப் பிசைந்தார்.

"எங்க ஓர்ப்படியோட அண்ணன் மக ஒருத்தி இருக்கா. வயசு இருவது. நல்ல குடும்பம். இவளைத் தள்ளி வைக்கச் சொல்லல. இவ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வரட்டும். நம்ம தம்பிக்கு ஒரு வாரிசு வேணாமா? நாளைக்கு ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு. நான் போயிப் பேசி முடிக்கறேன்."

சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் முதல் மனைவி இருக்கும்போது இரண்டாம் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும். பெரியம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. தெரிந்தாலும், எங்கள் வீட்டில் செல்லுபடியான சட்டங்கள் இரண்டுதான். நான் மாமியாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'சும்மா இரு அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் எழுந்து, எனக்கு மோர் ஊற்றினார். பிறகு அக்காவுக்கு ஊற்றினார். எட்டு வருஷத்தில் நான் அவரை வெறுத்தது அன்றைக்கு மட்டும்தான். ஆனால் நன்றாக வெறுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஸ்கூல் அரைநாள். அன்றைக்கு நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மணி அடித்ததும் பஸ் ஏறினேன். காவிரி இரண்டு கரையும் நிறைந்து செம்மண் நிறத்தில் ஓடியது. பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்த அந்த நேரத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் தோசைத் திருப்பியை எடுப்பது, பதினான்கையும் என் கையாலேயே சுரண்டிப் போடுவது, பெட்டியை எடுத்துக்கொண்டு பாலக்கரையில் இருந்த என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. இரண்டாவது விஷயத்தை நினைக்கும்போது மட்டும் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. சயன்ஸ் டீச்சருடைய கைதான்.

வாசலில் பெரியம்மா தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளேயிருந்து சர்ரு சர்ரென்று சத்தம் வந்தது.

கூடத்தில் முக்காலி மேல் மாமியார் ஏறி நின்றிருந்தார். கையில் தோசைத் திருப்பி. உத்தரத்து மூலையில் இருந்த முதல் கூட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மற்றவை எல்லாம் ஏற்கனவே கீழே முறத்தில் மண்கட்டிகளாகக் கிடந்தன. காலண்டர் தலைகீழாகக் கிடந்தது. தையல் மெஷின் டிராயர் வெளியே கிடந்தது. சாமி படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. சாவித் துவாரம் வழியாக, பல வருஷத்துக்குப் பிறகு, கொல்லை வெளிச்சம் தெரிந்தது. மாமியாரின் வலது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

"கலைக்கிறியேடி பாவி! வம்சம் வெளங்குமா?" என்று வாசலிலிருந்து பெரியம்மா கத்தினார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. ஒரு குளவி இன்னும் கூடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மாமியார் திரும்பாமலே பேசினார்.

"பதினாலும் பொய் சொல்லுச்சுக்கா. பொய் சொன்னது இதுங்க. இதுங்கள விட்டுட்டு என் மருமகளக் கேள்வி கேக்கறியே. இப்ப இந்த வீட்டுல கூடு ஒண்ணும் இல்ல. இனிமே யாரும் எதையும் எண்ண வேணாம். நீ ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு."

பெரியம்மா இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மாமியார் முக்காலியிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். குளவி கொட்டினால் குளவிக்கூட்டு மண்ணையே குழைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வைத்தியம். அன்றைக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை. நான் முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டியை உடைத்தேன்.

"உள்ள ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கலைத்திருந்தால் அது வீட்டைச் சுத்தம் செய்தது மாதிரிதான். அவர் செய்தது அதில்லை. கூட்டைக் கலைத்தால் கரு தங்காது என்பதை அவர் கடைசி எழுத்து வரை நம்பியவர். அன்று காலையிலும் நம்பினார். முக்காலியில் ஏறும்போதும் நம்பினார். பேரப்பிள்ளை வரவேண்டும் என்று ஐந்து வருஷமாகக் காத்து வைத்திருந்த கூடுகளை, இனி வராது என்று நம்பிக்கொண்டே, எனக்காகத் தன் கையால் சுரண்டிப் போட்டார். முந்தின நாள் மோர் ஊற்றும்போது ஏன் பேசவில்லை என்றும் புரிந்தது. இதைச் செய்ய மனசைத் திடப்படுத்திக்கொள்ள அவருக்கு ஒரு நாள் தேவைப்பட்டிருக்கிறது.

முறத்தில் பழைய கூடுகள் பத்துக்கு மேல் காலிதான். ஆனால் புதிதாக மூடிய இரண்டு உடைந்திருந்தன. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக, கண் திறக்காத குஞ்சுகள் மண்ணில் நெளிந்துகொண்டிருந்தன.

"இல்ல அத்தை. எல்லாம் எப்பவோ பறந்து போன கூடு. காலி" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன்."

"சரி" என்றார். அவர் முறத்தின் பக்கம் திரும்பவில்லை. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டிப் பார்க்கவில்லை.

மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அவர் கையில் பூசினேன். பூசும்போது அழுதேன். "கொட்டுனது எனக்கு, நீ ஏன் அழுவற?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், கையை ஆட்டாதீங்க என்று அதட்டினேன்.

சாயங்காலம் என் கணவர் படித்துறையிலிருந்து வந்தார். சுவர்களைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தொட்டியத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் கேட்டேனா? நான் யார்கிட்டயாவது கேட்டேனா?" என்று உத்தரத்தைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு தொப்பியைக் கழற்றினார். அதற்குள்தான் பதினான்காவது இருந்தது. அவரே தோசைத் திருப்பியை வாங்கிச் சுரண்டினார். சுரண்டிவிட்டுப் போட்டுப் பார்த்தார். காது வரை இறங்கியது. இத்தனை நாளும் அது அரை அங்குலம் தூக்கி இருந்ததை எல்லோருமே மறந்துவிட்டிருந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்க வெள்ளையடித்தார். கூடு இருந்த தழும்புகள் மறைந்தன. வாசலில் 'பூட்டு' என்று எழுதியிருந்ததன் மேல் மட்டும் மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகும் பெண்கள் வந்தார்கள். அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாததால் மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். 'விசேஷம் உண்டா' என்று ஆரம்பித்தவர்களிடம் மாமியார், "உண்டு. மோர்ல இன்னிக்குப் பெருங்காயம் போட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நாளில் மோருக்கும் வரவில்லை. நான் சனிக்கிழமைகளில் மணி அடித்ததும் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன்.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. கூடு இருந்தபோதும் பிறக்கவில்லை, இல்லாதபோதும் பிறக்கவில்லை. தான் கலைத்ததால்தான் என்று மாமியார் நினைத்தாரா, அது எனக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் கேட்கவில்லை.

அடுத்த பங்குனியில் ஒரு குளவி வந்தது. வெள்ளையடித்த உத்தரத்தில் அதே மூலையைத் தேடிப் பிடித்து, முதல் உருண்டை மண்ணை அப்பியது. நான் விடுவிடுவென்று போய் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். இனி இந்த வீட்டில் அவர் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். மாமியார் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து குளவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"விடும்மா. அது பாட்டுக்குக் கட்டட்டும். அது நம்மள ஒண்ணும் கேக்கலையே."

நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். என் கணவர் தொப்பியை வேறு ஆணியில் மாட்டினார்.